பிரிக்காத பீடிக் கட்டு

9-2-57, சனிக்கிழமை

நேற்றுத் தைக் கிருத்திகை. சர்க்கரைப் பொங்கல் அடிப்பிடித்துவிட்டது. பிடிக்க விட்டவன் நான்.

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன், இங்கேயாவது பொய் வேண்டாம். மாதக் கிருத்திகைக்கு எங்கள் சத்திரத்திலிருந்து மலைமேல் நைவேத்தியம் போகும். பெரிய உருளியில் சர்க்கரைப் பொங்கல், இன்னொன்றில் புளியோதரை. கரண்டி பிடிப்பவர் குமாரசுவாமி அண்ணா, பெரியப்பா பிள்ளை. நான் அவருக்குக் கையாள். நேற்று மானேஜர் கூப்பிட்டு அனுப்பியதால், "சித்த நாழி பார்த்துக்கோ" என்று கரண்டியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

சாமிக்குப் போகிற பண்டம். மலையில் காட்டிவிட்டு வரும்வரை யார் நாக்கிலும் படக் கூடாது. உருளிக்கு மேலே நின்று பேசக்கூட எங்கள் வழக்கத்தில் இடமில்லை, எச்சில் தெறிக்கும் என்று. கண்ணாலும் மூக்காலும் கைக் கணக்காலும்தான் பதம் பார்க்க வேண்டும். முற்றத்தில் வாழையிலை இறக்கிக்கொண்டிருந்த வீராசாமிக்குத் தீய்ந்த வாடை தெரிந்திருக்கிறது. கிணற்றடியில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. உருளிக்கு நேர் மேலே குனிந்து கிளறிக்கொண்டிருந்த எனக்குத் தெரியவில்லை.

மறுபடி வைக்க நேரமில்லை. மேலாக வழித்து அனுப்பினார்கள். பிரசாதம் வாங்கியவர்கள் மூஞ்சியைச் சுளித்துக்கொண்டே தின்றார்கள். அண்ணா முற்றத்தில் எல்லோர் எதிரிலும் சொன்னார்: "பீடி குடிச்சுக் குடிச்சு இவனுக்கு மூக்கு செத்துப்போயிடுத்து. பொணத்தைக் கொண்டுவந்து அடுப்படியில நிறுத்தினது என் தப்பு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஏன் சிரித்தேன்? அதைத்தான் நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

10-2-57, ஞாயிறு

இன்று முதல் எனக்கு அரிவாள்மணை. பூசணிக்காய் ஆறு, வாழைக்காய் ஒரு தார். வயது முப்பத்தெட்டு.

13-2-57, புதன்

விறகுக் கொட்டகைக்குப் பின்புறம் எங்கள் இடம். நான், வீராசாமி, ஆதிகேசவன் வாத்தியார். வாத்தியார் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கண்ணில் படாமல் இருக்க அங்கே வருவார். நான் அண்ணா கண்ணில் படாமல் இருக்க. வீராசாமிக்கு யாரிடமும் பயமில்லை, எங்களுக்குத் துணை. நந்தி ஆற்றுப் பக்கம் அவனுக்கு நிலம். தினம் காலையில் சத்திரத்துக்கு இலையும் காயும் அவன் வண்டியில்தான் வரும். வெளி மனிதர்களில் என்னை நீ என்று கூப்பிடுகிறவன் அவன் ஒருவன். மற்றவர்கள் நீங்கள் போட்டு அவமானப்படுத்துவார்கள்.

இன்று அவன் பீடியை எடுக்கவில்லை. முந்தாநாள் சாயங்காலம் அவனுடைய வைக்கோல் போர் எரிந்துபோயிற்றாம். போருக்குக் கீழே உட்கார்ந்து குடித்துவிட்டு, அணைத்தோம் என்று நினைத்துத் துண்டைப் போட்டுவிட்டு வந்திருக்கிறான்.

"அறுப்பு முடிஞ்சி இப்பத்தான் ஐரே வேஞ்சேன். மாடு ரெண்டும் என்னியே பாத்துகினு நிக்குது. எம் பையன் கேக்கறான், 'நைனா, நீயா கொளுத்தின'ன்னு. இன்னா சொல்லச் சொல்ற?"

வாத்தியார் உடனே பிரசங்கத்தில் இறங்கிவிட்டார். மனித மனம், திட சங்கல்பம், இன்னும் என்னென்னவோ. கையில் சிகரெட் புகைந்துகொண்டே இருந்தது. கடைசியில் அவர் யோசனைப்படியே மூவரும் அடிவாரக் குளத்தில் முழுகி, கல்லின் மேல் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்தோம். தினம் காலையில் இலை இறக்கும் நேரத்தில் கொட்டகையில் சந்திக்க வேண்டும். ஒருவர் முகத்தில் ஒருவர் ஊதிக் காட்ட வேண்டும். குடித்துவிட்டால் பிடிபடும் முன்பு தானே சொல்லிவிட வேண்டும். சொன்னவன் உச்சி வெயிலில் மலைப்படி முன்னூற்று அறுபத்தைந்தும் வெறுங்காலோடு ஏறி இறங்க வேண்டும்.

"எனக்குத்தான் மூக்கே இல்லையே, நீங்க ஊதி என்ன பிரயோஜனம்?" என்றேன்.

"நீ ஊது, நான் மோந்துக்கறேன்" என்றான் வீராசாமி. "நான் ஊதறப்ப நீ என் மூஞ்சியப் பாரு. பொய் சொன்னா எனக்குக் காது செவந்துடும், எம் பொண்டாட்டி கோவிந்தம்மாவக் கேளு."

எனக்கு நம்பிக்கை இல்லை. என் மேல் எனக்கு நம்பிக்கை என்றைக்கு இருந்தது?

15-2-57, வெள்ளி

கை எங்கே போவதென்று தெரியாமல் இடுப்பு வேட்டியைத் தடவிக்கொண்டே இருக்கிறது. அங்கே பீடி இல்லை என்று கைக்குச் சொன்னாலும் கேட்கவில்லை.

19-2-57, செவ்வாய்

வாத்தியார் நாலு நாளாக வரவில்லை. இன்று கடைத்தெருவில் எதிர்ப்பட்டார். என்னைப் பார்த்ததும் எதிர் வரிசைக்குப் போகப் பார்த்தார், வழியில் ஒரு மாட்டு வண்டி நின்றதால் மாட்டிக்கொண்டார். "நம்ம சத்தியம் பீடியைப் பத்தினதுதானே? நான் பீடியே தொட்டதில்லையே" என்றார். படித்தவர்.

வீராசாமியிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். கொட்டகைச் சுவரில் செங்கல் துண்டால் தினம் இரண்டு கோடு போடுகிறான், அவனுக்கு ஒன்று எனக்கு ஒன்று. "உன் கோடு என் கோட்டவிட நேரா நிக்குது பாரு ஐரே" என்றான். இரண்டையும் போட்டது அவன்தான். இருந்தாலும் கேட்க நன்றாக இருந்தது.

3-3-57, ஞாயிறு

பீடி இல்லாமல் காலையில் வயிறு கழிவதில்லை. இதையெல்லாம் யாரிடம் சொல்வது? வாயில் வேப்பங்காய்க் கசப்பு. தலை கனக்கிறது. என் பெண் காமு பித்தளை டம்ளரைக் கீழே போட்டுவிட்டாள், ஒன்பது வயதுக் குழந்தை. ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்தினேன். குழந்தை அழக்கூட இல்லை, என்னையே பார்த்தாள்.

அவள் அம்மா ஜம்பகம் சொன்னாள், "குடிச்சுண்டிருந்தப்போ நீங்க இப்படிக் கத்தினதில்லை."

"அப்போ குடின்னு சொல்றயா?"

இவள் பதில் சொல்லாததை எல்லாம் சேர்த்தால் ஒரு புஸ்தகம் போடலாம். அவளைச் சொல்லி என்ன. சத்திரத்தில் கரண்டி பிடிப்பவன் பெண்டாட்டி என்று சொல்லித்தான் கல்யாணம் செய்து கொடுத்தார்கள். அவளுக்குக் கிடைத்தது பூசணிக்காய் நறுக்குகிறவன்.

8-3-57, வெள்ளி

நேற்று மாசிக் கிருத்திகை. அண்ணா வைத்த புளியோதரையில் உப்பு ஒரு கல் கூடவில்லை, குறையவில்லை. வருஷம் முழுக்க இப்படித்தான். நாக்கில் வைக்காமல் ஒரு மனிதரால் எப்படி முடிகிறது? கைவாகு. அவருடைய அப்பாவுக்கும் இருந்தது. எங்கள் அப்பாவுக்கு இல்லை.

அப்பாவும் கரண்டி பிடித்தவர்தான். ஒரு பங்குனிக் கிருத்திகையில் புளியோதரை உப்புக் கரித்துவிட்டது. அதற்கு முந்தின மாதமும் ஏதோ குறை. கரண்டி பெரியப்பாவுக்குப் போயிற்று. அப்பா பதினொரு வருஷம் காய் நறுக்கிவிட்டுச் செத்தார். அதே அரிவாள்மணைதான், பலகையை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். சின்ன வயதில் எனக்கு அவரைப் பார்க்கவே வெட்கமாக இருக்கும். இப்போது காமுவுக்கு எப்படி இருக்கும்?

இன்று ஒரு பீடி இருந்திருந்தால் குடித்திருப்பேன். இல்லை என்பதால் குடிக்கவில்லை, இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. வீராசாமியிடம் அப்படியே சொன்னேன்.

"கெடைக்கலன்னாலும் குடிக்கல, கெடைச்சும் குடிக்கல, செவுத்துக்கு ரெண்டும் ஒரே கோடுதான்" என்று கோட்டைப் போட்டுவிட்டு வண்டி ஏறிவிட்டான்.

18-4-57, வியாழன்

வீராசாமி குடித்துவிட்டான்.

நேற்று அவன் பாவா, அதாவது மச்சான், வீட்டுக் கல்யாணம், ஆர்.கே.பேட்டையில். பந்தலில் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பீடி எல்லாம் வைத்து நீட்டியிருக்கிறார்கள். காலையில் வண்டியை விட்டு இறங்குவதற்கு முன்பே, "ஐரே, ஊத வேணாம். ரெண்டு குடிச்சிட்டேன்" என்றான். காது சிவந்துதான் இருந்தது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதவே கூசுகிறது, ஆனாலும் அதுதான் உண்மை. என்னைவிடத் தாழ்ந்துபோக ஒருவன் கிடைத்தான் என்று ஒரு நிமிஷம் நெஞ்சு நிமிர்ந்தது. எவ்வளவு அற்பமான பிறவி நான்.

உச்சியில் அவன் படி ஏறக் கிளம்பினான். சித்திரை வெயில், கல் அடுப்பாகக் கொதித்தது. நானும் கூட ஏறினேன். "நீ ஏன் ஐரே வர? நீதான் குடிக்கலியே" என்றான். காலையில் சந்தோஷப்பட்டதற்காக என்று எப்படிச் சொல்வது? "எனக்கு மலைமேல வேலை இருக்கு" என்றேன். பாதி வழியில் இரண்டு பேருக்கும் பாதம் கொப்புளித்துவிட்டது. மண்டப நிழல் வந்தபோது ஓடினோம், இரண்டு தடிமாடுகள்.

கீழே வந்ததும் மளிகைக் கடையில் ஒரு பொட்டலம் கிராம்பு வாங்கி ஆளுக்குப் பாதி பிரித்தான். "வாயி சும்மா இருக்கறதாலதான் கேக்குது. ஒண்ண எடுத்துக் கன்னத்துல அடக்கிக்க. நாக்கு அதும்பாட்டுக்கு அத்த உருட்டிகினு கெடக்கும்." அவன் பழைய கோடுகளை அழிக்கவில்லை. நேற்றைய இடத்தை மட்டும் வெறுமையாக விட்டுவிட்டு இன்றைக்கு உரியதைப் போட்டான்.

5-5-57, ஞாயிறு

கிராம்பு உதவுகிறது. அடுப்படிக்குள் நுழையும்போது துப்பிவிட வேண்டும், மடியாக இருக்கும்போது வாயில் எதையும் வைத்திருக்கக் கூடாது. மற்ற நேரமெல்லாம் கன்னத்தில் ஒன்று கிடக்கிறது. அண்ணா, "என்ன, மாப்பிள்ளை மாதிரி மணக்கறாய்?" என்கிறார். நான் பீடி விட்டதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் எத்தனை நாளைக்கு என்று கேட்பார்.

11-6-57, செவ்வாய்

மூக்கு வந்துவிட்டது.

காலையில் முற்றத்தில் உட்கார்ந்து நறுக்கிக்கொண்டிருந்தேன். பருப்பு அடியில் பிடிக்கப்போகிற வாடை வந்தது. பிடித்த வாடை இல்லை, பிடிக்கப்போகிற வாடை. "பருப்பு!" என்று கத்தினேன். உள்ளே ஓடிப்போய் இறக்கினார்கள், சரியாக இருந்தது. எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். அண்ணா மட்டும், "குருட்டாம்போக்கு" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஜம்பகம் தலையில் சீயக்காய் வாசனை. பன்னிரண்டு வருஷமாக இவள் தலையில் இந்த வாசனை இருந்திருக்கிறதா? சொல்ல நினைத்தேன். என்ன சொல்வது?

19-7-57, வெள்ளி

அண்ணாவுக்குக் குளிர் காய்ச்சல். எழுந்து நிற்க முடியவில்லை. திங்கட்கிழமை ஆடிக் கிருத்திகை. வருஷத்திலேயே பெரிய நாள், ஊர் கொள்ளாமல் காவடி வரும். இப்போதே கனகம்மாசத்திரம் வரை சாலையெல்லாம் ஜனம்.

மானேஜர் வந்து, "வேறு யாருமில்லை, நீங்கள்தான் பார்க்க வேண்டும்" என்றார். வேறு யாருமில்லை என்பதை இரண்டு தடவை சொன்னார். பரவாயில்லை. கரண்டி எனக்கு. மூன்று உருளி.

21-7-57, ஞாயிறு

வீராசாமி கிராம்புப் பொட்டலம் கொடுத்தான், புதிது. "நாளிக்கி நீ யார்னு காட்டு ஐரே. உனுக்கே தெரியல நீ யார்னு, அதான் உன் சீக்கு."

ஐந்து மாதமாயிற்று. சுவரில் இடம் தீர்ந்து பக்கத்துச் சுவருக்குப் போய்விட்டான்.

23-7-57, செவ்வாய்

எப்படி எழுதுவது.

நேற்று விடியற்காலையில் குளத்தில் முழுகினேன். ஈர வேட்டியோடு வந்து அடுப்பு மூட்டினேன். அரிசி, பயற்றம்பருப்பு, வெல்லம், நெய், எல்லாம் கைக் கணக்கு. ஒரு வார்த்தை பேசவில்லை. வெல்லப்பாகு வாசனை, அதற்குள் நெய் வாசனை, ஏலம், எல்லாவற்றையும் தனித்தனியாக முகர முடிந்தது. எங்கே தீ குறைக்க வேண்டும், எங்கே கிளற வேண்டும் என்று மூக்கே சொல்லிக்கொண்டு வந்தது. அந்த மூன்று மணி நேரம் நான் ஒரு மனிதனாக இருந்தேன். என் வாழ்நாளில் அப்படி இருந்ததில்லை.

மூன்று உருளியும் இறக்கியாயிற்று. காவுதடியோடு ஆட்கள் நின்றார்கள். "எடுங்கோ" என்று சொல்ல வாயைத் திறந்தேன். கன்னத்தில் கிராம்பு.

முழுகிவிட்டு வரும்போது பழக்கத்தில் போட்டுக்கொண்டிருக்கிறேன். துப்ப மறந்துவிட்டேன். பேசக் கூடாது என்பதால் வாயைத் திறக்கவில்லை, அதனால் தெரியவில்லை. மூன்று மணி நேரம் எச்சில் வாயோடு சாமி பொங்கலைக் கிளறியிருக்கிறேன்.

சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் மூன்று உருளியையும் மாட்டுக்குக் கொட்ட வேண்டும். மலைமேல் நேரத்துக்கு நைவேத்தியம் இல்லை, கீழே ஆயிரம் பேருக்குப் பிரசாதம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, சுப்புரத்தினம் மறுபடி கெடுத்தான் என்று பேர். ஆட்கள், "என்ன சாமி, எடுக்கலாமா?" என்றார்கள்.

தலையை ஆட்டினேன். கிராம்பை விழுங்கிவிட்டேன்.

போயிற்று. படைத்தார்கள். திரும்பி வந்தது. தின்றவர்களெல்லாம் யார் வைத்தது, யார் வைத்தது என்று கேட்டார்கள். ஒரு அம்மாள் தேடிக்கொண்டு வந்து கும்பிட்டுவிட்டுப் போனாள். ஜம்பகம் எல்லோர் எதிரிலும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஐயோ, ஏன் எனக்கு மட்டும் எல்லாம் இப்படி ஆறது?

24-7-57, புதன்

குடிக்கவில்லை. அது ஒன்றுதான்.

25-7-57, வியாழன்

தானே முதலில் சொல்ல வேண்டும் என்பது எங்கள் சட்டம். அது பீடிக்குத்தான். ஆனாலும் வேறு யாரிடம் சொல்வேன்? கொட்டகையில் வீராசாமியிடம் சொன்னேன்.

முதலில் சிரித்தான். "கிராம்புதான ஐரே! நான்கூட எதுவோன்னு பயந்துட்டேன்." என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "நான் குடுத்த கிராம்பு" என்றான். அவனுக்கு நான் என்ன சமாதானம் சொல்ல முடியும்?

"உங்க அண்ணங்கிட்ட போயி சொல்லிடு. அடிச்சா அடிக்கட்டும். உள்ளுக்குள்ளயே வெச்சிகினு இருந்தா நீ திரும்ப பீடி எடுத்துடுவ. அது எனக்குத் தெரியும்."

28-7-57, ஞாயிறு

சொன்னேன்.

அண்ணாவுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். மன்னி உள்ளே போனதும் எல்லாவற்றையும் சொன்னேன். பரிகாரம் ஏதாவது செய்ய வேண்டும், மானேஜரிடமும் சொல்லிவிட வேண்டும் என்றேன். கிராம்பு யார் கொடுத்தது என்று கேட்டார். நானே வாங்கினேன் என்றேன்.

அவர் கத்தவில்லை. கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "வாயை மூடிண்டு போ. ஒரு கிராம்புக்காகவா இவ்வளவு? நான் இத்தனை வருஷமா நாக்கில வைக்காம ஒரு உருளிகூட இறக்கினதில்லை."

எனக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டேன்.

"புறங்கையில ஒரு சொட்டு விட்டுக்கறது. வேர்வையைத் துடைக்கிற சாக்கில நாக்கில ஒத்திக்கறது. எங்கப்பாதான் சொல்லிக் கொடுத்தார். பின்னே? உப்பைக் கண்ணாலயா பார்ப்பா? உங்கப்பா ஒருத்தர்தான் பிடிவாதமா மாட்டேன்னு நின்னார். அதான் கெட்டார். வர்ற கிருத்திகைக்கும் நீயே கரண்டியை வச்சுக்கோ. எனக்கும் உடம்பு முடியலை. இது நம்மோட இருக்கட்டும்."

எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியவில்லை.

அப்பா கைவாகு இல்லாதவர் இல்லை. அவர் ஒருத்தர்தான் நாக்கில் படாமல் சமைத்தார். பதினொரு வருஷம் அரிவாள்மணையில் உட்கார்ந்திருந்தாரே, ஒரு நாளாவது யாரிடமாவது சொன்னாரா? எனக்காவது சொல்லியிருக்கலாம். நான் அவரைப் பார்த்து வெட்கப்பட்டேன். பள்ளிக்கூடத்துப் பையன்களிடம் எங்கப்பா இல்லை, சித்தப்பா என்று ஒரு தடவை சொன்னேன். அப்பா அதைக் கேட்டார்.

இத்தனை வயது வரை யாரோடு என்னை ஒப்பிட்டு ஒப்பிட்டுச் செத்தேனோ, அந்த மனிதர் புறங்கையை நக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

2-8-57, வெள்ளி

கரண்டி வேண்டாம் என்று மானேஜரிடம் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார். எனக்கு அது ஒத்துவரவில்லை என்றேன். அண்ணாவைப் பற்றி வாய் வரை வந்தது, சொல்லவில்லை. என் வாயிலும் எச்சில் இருந்தது, நானும் தலையை ஆட்டியவன். எந்த முகத்தோடு சொல்வது? கரண்டி அண்ணாவிடமே இருக்கிறது.

அப்பா மாட்டேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்த இடத்தில் நான் தப்புச் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இரண்டும் ஒன்றில்லை. தெரியும். ஆனால் இந்தத் தடவை யாரும் என்னை உட்காரவைக்கவில்லை.

கரண்டியை விட்டேன் என்று கேட்டதிலிருந்து ஜம்பகம் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

20-8-57, செவ்வாய்

ஊரில் ஒரு பேச்சு. சுப்புரத்தினம் மறுபடி பீடி பிடித்துவிட்டான், கை நடுங்குகிறது, அதனால்தான் கரண்டியை விட்டான் என்று. யார் கிளப்பியது என்று நான் கேட்கவில்லை. கடைத்தெருவில் ஆதிகேசவன் வாத்தியார் இந்தத் தடவை எதிர் வரிசைக்குப் போகவில்லை. என் தோளில் கை போட்டு, "மனித மனம் பலவீனமானது சார்" என்று சிகரெட்டை நீட்டினார். நான் விட்டுவிட்டேன் என்றேன். "ஆமாம், ஆமாம்" என்று கண்ணைச் சிமிட்டினார்.

சாயங்காலம் அண்ணா என்னைக் கூப்பிட்டு, துண்டுக்குள்ளிருந்து ஒரு கட்டுப் பீடியை எடுத்துக் கையில் வைத்தார். முழுக் கட்டு. "ஏன் அவஸ்தைப்படறாய்? கொட்டகையில போய்க் குடிச்சுக்கோ. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். குரலில் அவ்வளவு பிரியம். என் ஆயுசில் அவர் எனக்கு ஒன்றும் கொடுத்ததில்லை.

வரும் வழியில்தான் உறைத்தது. அவருக்கு நான் பீடி குடிக்க வேண்டும். பீடிக்காரன் வெளியில் என்ன சொன்னாலும் யார் நம்புவார்கள்?

கொட்டகைப் பக்கம் போனேன். யாருமில்லை. கட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுதுகிறேன், பொய் இல்லை: முகர்ந்து பார்த்தேன், இரண்டு தடவை. அவ்வளவு நன்றாக இருந்தது. இத்தனை மாதமும் யாருக்காக? ஊருக்கு நான் குடிக்கிறவன்தான். குடித்தால் அவமானம் ஏறப்போவதில்லை, குடிக்காவிட்டால் குறையப்போவதும் இல்லை.

நூலைப் பிரிக்கவில்லை. அண்ணா ஆசைப்பட்டது நடக்கக் கூடாது என்ற வெறும் வன்மமாகக்கூட இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

21-8-57, புதன்

வீராசாமியிடம் கட்டைப் பற்றிச் சொன்னேன். "குடு, நான் ஆத்துல வுட்டுட்டு வரேன்" என்றான். யோசித்துப் பார்த்துவிட்டு, "வேணாம், எங்கிட்ட குடுக்காத. நான் ஆறு வரைக்கும் போவ மாட்டேன்" என்றான். இருவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் ஊதிவிட்டு அவரவர் வேலைக்குப் போனோம்.

வீட்டுக்கு வருவதற்குள் ஜம்பகம் ஆணியில் மாட்டியிருந்த என் சட்டைப் பையில் கட்டைப் பார்த்துவிட்டாள். கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "நிஜந்தானா?" என்றாள்.

எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். அண்ணாவின் புறங்கை, கிராம்பு, அப்பா. "எத்தனை இருக்குன்னு எண்ணிப் பாரு" என்றேன். எண்ணினாள். இருபத்தைந்து. கட்டைப் பரண்மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

8-9-57, ஞாயிறு

தினம் எண்ணுகிறாள். நான் குளிக்கப் போகும் நேரத்தில். இன்று சீக்கிரம் வந்துவிட்டேன், ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிலந்திவலை அடிக்கிற மாதிரி பாவனை செய்தாள், கையில் துடைப்பம்கூட இல்லாமல். கோபம் வந்தது. பிறகு, எண்ணட்டும், வேறு எப்படித்தான் அவளுக்குத் தெரியும் என்று இருந்தது.

16-9-57, திங்கள்

நேற்று மத்தியானம் ஜம்பகத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கிராம்பிலிருந்து ஆரம்பித்தேன். அண்ணா விஷயம் வந்தபோது அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டாள். அப்பாவைச் சித்தப்பா என்று சொன்னதையும் சொன்னேன். அதை யாரிடமும் சொன்னதில்லை, வீராசாமியிடம்கூட.

"உங்கப்பா வச்ச அந்தப் புளியோதரையை நான் சாப்பிட்டிருக்கேன்" என்றாள். "சின்னப் பொண்ணா இருக்கச்சே அம்மாவோட கிருத்திகைக்கு வந்தப்போ. உப்புதான். நன்னாத்தான் இருந்தது."

மறுபடி முறத்தை எடுத்துப் புடைக்க ஆரம்பித்தாள்.

3-10-57, வியாழன்

கொட்டகைச் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். எங்கள் கோடெல்லாம் போயிற்று. வீராசாமி மானேஜரைத் தெலுங்கிலும் தமிழிலுமாகத் திட்டினான். பிறகு, "எத்தினி நாளுன்னு உனுக்கு ஞாபகம் கீதா?" என்றான். எனக்கு இல்லை. அவனுக்கும் இல்லை.

மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். ஜம்பகம் பரணிலிருந்து கட்டை எடுத்து அடுப்பங்கரையில் வைத்திருந்தாள்.

"இன்னிக்கு எண்ணலை. இதை அடுப்பில போட்டுடட்டுமா?"

"போடு" என்றேன்.

நூலோடு அப்படியே போட்டாள். இருபத்தைந்தும் ஒரே சமயத்தில் பற்றிக்கொண்டு புகைந்தன. நான் ஆயுசில் அவ்வளவு புகை விட்டதில்லை. ஜன்னல் வழியாகத் தெரு வரை போயிற்று. காமு மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

பக்கத்து வீட்டுக் கௌரியம்மாள் தன் மருமகளிடம் சொல்வது சுவருக்கு இந்தப் பக்கம் நன்றாகக் கேட்டது: "பாத்தியாடி? நான் சொல்லலை? பட்டப்பகல்ல, பொண்டாட்டி எதிர்லயே ஊதறான்."

ஜம்பகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளோ என்று பயந்துபோய்ப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்து முடித்துவிட்டு எனக்குச் சாதம் போட்டாள்.